கோப்பிக் காலத்தில் தொலைந்த தவளைகள்

முல்லைத்திணைப் பாடல்களில் நுணலும் தேரையும் கார்காலத்தின் வரவைச் சொல்லும். தன் குரலாலேயே பிடிபட்டு அழியும் நுணலைப் பற்றி நம்மிடம் பழமொழியும் உண்டு. ஆக, நம் இலக்கியத்தில் தவளை பெரும்பாலும் ஓர் ஒலியாகவே இருந்து வந்திருக்கிறது. அதற்கென்று ஒரு வரலாறு இருக்கக்கூடும் என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. மலையக இலக்கியத்தைச் சேர்ந்து வாசித்துவரும் நம் நண்பர்களிடையே ஒருநாள் பேச்சு வேறு பக்கம் திரும்பியது. தோட்டங்கள் வருவதற்கு முன் அந்த மலைகளில் என்ன இருந்தது? காடு என்று ஒரே சொல்லில் விடை சொல்லிவிட்டோம். அந்தச் சொல்லுக்குள் என்னவெல்லாம் அடங்கியிருந்தன என்று தேடப் புகுந்தபோதுதான் இலங்கைத் தவளைகளின் கதை நம் கைக்கு வந்தது. அதில் நம்மவர்க்கும் பங்கிருக்கிறது என்பதால் எழுதாமலிருக்க இயலவில்லை.

முதலில் ஒரு செய்தி. உலகில் முற்றாக அழிந்துவிட்டன என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியல் குறித்திருக்கும் நிலநீர்வாழ் உயிரினங்களில் ஏறத்தாழப் பாதி இலங்கை என்னும் ஒரு சிறு தீவைச் சேர்ந்தவை. அமேசான் படுகையோ காங்கோவோ போர்னியோவோ அல்ல, நம் கரையிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில் உள்ள தீவு. இது எப்படி நேர்ந்தது என்பதற்கான விடையைத் தாவரவியல், விலங்கியல் நூல்களில் பாதியும் காலனிய நிலச் சட்டங்களில் மீதியுமாகத் தேட வேண்டியிருக்கிறது.

1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1820-களில் கம்பளைக்கு அருகே ஜார்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிட்டார். (ஈழத்து வழக்கில் காப்பி, கோப்பி எனப்படும், அங்கே நடந்ததை எழுதும்போது அந்தச் சொல்லே பொருத்தமென்று கொண்டோம்.) ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் தாமே தோட்டமிட்டு மற்றவர்க்கு வழிகாட்டினார். ஆனால் உண்மையான வேட்டை தொடங்கியது 1840-க்குப் பிறகுதான். அவ்வாண்டு இயற்றப்பட்ட முடிக்குரிய நிலச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசுகளையும் அரசுடைமை என்று அனுமானித்துக்கொண்டது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்தும் விறகும் தேனும் எடுத்தும் வாழ்ந்த கண்டிக் கிராமத்தவரிடம் பத்திரம் எங்கிருந்து வரும்? அரசின் கைக்குப் போன காடு தொடக்கத்தில் ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலைக்கு விற்கப்பட்டது. வாங்கியவர்களில் வணிகர்கள் மட்டுமல்லர், அரசாங்க அதிகாரிகளும் படைத்தலைவர்களும் நீதிபதிகளும் பாதிரிமாரும் இருந்தனர். சட்டம் செய்தவர்களும் நிலம் வாங்கியவர்களும் ஒரே விருந்து மேசையில் அமர்ந்தவர்கள் என்றால் மிகையாகாது.

காட்டை அழித்த முறையைக் காலனிய எழுத்தாளர்கள் வியப்போடு விவரித்திருக்கிறார்கள். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதியளவுக்கு மட்டும் வெட்டிக்கொண்டே போவார்கள். உச்சிக்கு வந்ததும் மேல்வரிசை மரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை தமக்குக் கீழுள்ளவற்றின்மேல் விழ, அவை அடுத்தவற்றின்மேல் விழ, கொடிகளால் பின்னிக்கிடந்த முழு மலைச்சரிவும் ஒரே முழக்கத்தோடு சரிந்துவிடும். சில வாரம் காயவிட்டுத் தீ மூட்டுவார்கள். கோடரி பிடித்தவர்களில் பெரும்பாலோர் கூலிக்கு வந்த சிங்களக் கிராமத்தவர். வெட்டிய காட்டைச் சுட்டுத் துப்புரவாக்கி, கரியும் சாம்பலும் மூடிய சரிவில் குழி தோண்டிக் கன்று நட்டவர்கள் தென்பாண்டி நாட்டிலிருந்தும் தஞ்சை, திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்தும் கங்காணிகளால் அழைத்து வரப்பட்ட தமிழர்கள். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டு வழியே நடந்து, வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானது போக எஞ்சியவர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'யைப் படித்தவர்கள் அந்த வாழ்வின் பிற்காலத் தொடர்ச்சியை அறிவார்கள்.

இந்தக் கட்டுரையின் தவளைகள் இதே சரிவுகளில்தான் வாழ்ந்தன. அவற்றின் வாழ்க்கை முறையைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் தீ எதை எரித்தது என்பது விளங்கும்.

தவளை என்றதும் குளம், முட்டைத்திரள், தலைப்பிரட்டை என்று பள்ளிப்பாடம் நம் நினைவுக்கு வருகிறது. இலங்கையின் ஈரவலயக் காடுகளில் மிகுதியாக உள்ள புதர்த்தவளைகளுக்கு இந்தப் பாடம் பொருந்தாது. இன்று சூடோபிலாட்டஸ் என்ற பேரினத்தில் வைக்கப்படும் இவற்றுக்குக் குளமும் வேண்டாம், ஓடையும் வேண்டாம். பெண் தவளை காட்டின் தரையில் சிறு குழி பறித்து முட்டையிட்டு, முட்டைகளை மண்ணோடு கலந்து மூடிவிட்டுப் போகிறது. (ஓரிரு இனங்கள் இலையின் அடிப்புறத்தில் முட்டையிடும்.) தலைப்பிரட்டைப் பருவம் முழுவதும் முட்டைக்குள்ளேயே கழிந்து, வெளியே வரும்போது அது விரல்நுனியிலும் சிறிய முழுத்தவளையாக இருக்கிறது. நீர்நிலையை நம்பியிராத இந்த உத்தியால் மலையின் எந்த மூலையிலும் அவை குடியேற முடிந்தது. மலைக்கு மலை, பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு தனித்தனி இனங்களாகப் பிரிந்து பெருகவும் முடிந்தது.

ஆனால் அந்த உத்திக்கு ஒரு நிபந்தனை உண்டு. தரை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். ஓடும் நீரோ தேங்கிய நீரோ தேவையில்லை. ஆனால் மண்ணும் இலைச்சருகும் காற்றும் வறளக் கூடாது. அந்த ஈரத்தைக் காத்து வந்தது மேலே கவிந்திருந்த மரக்கூரை. தோல் வழியாகவும் மூச்சுவிடும் உயிர்களுக்குச் சில மணிநேர வெயிலே போதும். கூரை அகன்ற சரிவில் நண்பகல் வெயில் நேரே தரையைத் தொடும்போது முட்டை காய்ந்துபோகும். குஞ்சு வெளிவந்தாலும் ஒதுங்க இடமிராது. கோப்பியை மலைச்சரிவின் மேலிருந்து கீழாக நேர்வரிசையில் நட்டுக் களைகளைச் சுத்தமாகச் சுரண்டி வைப்பது அக்காலத்து நல்ல தோட்டக்காரனுக்கு அடையாளம். அதனால் மேல்மண் மழையோடு ஓடைகளில் இறங்கியது. ஓடைகளை நம்பியிருந்த தேரைகளுக்கும், நீர் கசியும் பாறைகளில் தலைப்பிரட்டைப் பருவத்தைக் கழிக்கும் நானோஃப்ரிஸ் தவளைகளுக்கும் அந்த வழியும் அடைபட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கோப்பி எல்லா உயரத்திலும் வளராது. ஏறத்தாழ 2,000 அடிக்கும் 5,000 அடிக்கும் இடைப்பட்ட சரிவுகளே அதற்கு உகந்தவை. மலையின் இடுப்புப் பகுதி எனலாம். இன்று எஞ்சியிருக்கும் காடுகளைப் பாருங்கள்: ஹோர்ட்டன் சமவெளி, சிவனொளிபாதமலையின் உயர்சரிவுகள், நக்கிள்ஸ் தொடரின் முகடுகள், கீழே சிங்கராஜா. இடைப்பட்ட உயரத்துக் காடுகளோ பெரும்பாலும் இல்லை. 1873-இல் கியூ தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடும்படி அறிவுறுத்தியதும், அதையொட்டி அரசு அவ்வுயரத்தில் காட்டை வெட்டத் தடை விதித்ததும் மேல்முனையைக் காப்பாற்றின. இடுப்பைக் காப்பாற்ற அப்போதே காலம் கடந்துவிட்டது. 1870-களின் இறுதியில் கோப்பி ஏறத்தாழ 2,75,000 ஏக்கரில் பரவியிருந்தது.

இந்த அழிவு நடந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அதே மலைகளில், ஒருவர் தவளைகளைப் பிடித்துப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தார் என்பதுதான் இந்த வரலாற்றின் வினோதம். எட்வர்ட் பிரெடெரிக் கெலார்ட் இலங்கையில் பிறந்த பறங்கியர் குடும்பத்தவர். எடின்பரோவில் மருத்துவம் பயின்று படை மருத்துவராகப் பணியாற்றியவர். 1852-இல் அவருடைய இலங்கை விலங்கின நூல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு நுவரெலியாவில் கிடைத்த ஒரு புதர்த்தவளையை, அதன் உடலில் சிதறிய புள்ளிகளைக் கண்டு, 'விண்மீன்' என்று பொருள்படும்படி ஸ்டெல்லாட்டஸ் எனப் பெயரிட்டு விவரித்தார். பின்னாளில் அரசுக்காக முத்துச்சிப்பிகளை ஆராய்ந்தார். 1860-இல் இங்கிலாந்து செல்லும் கப்பலிலேயே இறந்துபோனார். நாற்பதைச் சற்றே கடந்த வயது. அவர் விவரித்த அந்த மாதிரித் தவளையும் தொலைந்துபோயிற்று.

கெலார்ட்டுக்குப் பிறகு இலங்கைத் தவளைகள் இலண்டனுக்குப் பயணப்பட்டன. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த ஆல்பர்ட் குந்தர் இலங்கைக்கு வராமலே, சாராயத்தில் ஊறிவந்த உடல்களைக் கொண்டு 1858 முதல் 1870-கள் வரை இனம் இனமாக விவரித்தார். கண்டியின் பெயர்கொண்ட தேரை, அடெனோமஸ் கண்டியானஸ், 1872-இல் அவர் பெயரிட்டது. பல குடுவைகளின் சீட்டில் 'சிலோன்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு மேல் இடக்குறிப்பு இல்லை. எந்த மலை, எந்த ஓடை, எந்த உயரம் என்று எழுத அன்று எவருக்கும் தோன்றவில்லை. காடு என்றும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கைதான் காரணமாக இருக்க வேண்டும். இந்த அலட்சியத்தின் விலையைப் பின்வந்த ஆய்வாளர்கள் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துக் கொடுக்க நேர்ந்தது.

கோப்பியின் முடிவு பலரும் அறிந்ததே. 1869-இல் மடுல்சீமைத் தோட்டமொன்றில் இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடியாகத் தோன்றிய துருநோய், இருபதாண்டுக்குள் அந்தத் தொழிலையே முடித்துவைத்தது. இடையில் அரண் நீங்கிய சரிவுகளில் காற்று தடையின்றி வீசியதும், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் நின்றதும் பூஞ்சைக்கு வாய்ப்பாயின. பட்டுப்போன கோப்பிக் கட்டைகளைச் சீவி, தேநீர் மேசைகளுக்குக் கால்களாக இங்கிலாந்துக்கு ஏற்றினார்கள் என்று சொல்வதுண்டு. கொயினாப் பட்டை தரும் சிங்கோனா சில காலம் கோலோச்சியது. பிறகு ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலைகளை மூடியது. நூற்றாண்டின் முடிவில் ஏறத்தாழ நான்கு இலட்சம் ஏக்கர். பயிர்தான் மாறியதேயொழியக் காடு திரும்பவில்லை. கோப்பி ஏறாத உயரங்களுக்கும் தேயிலை ஏறியது.

எல்லாவற்றையும் கோப்பியின் தலையில் கட்டிவிடலாகாது என்பதற்கும் ஒரு தவளையே சாட்சி. 1940-இல் ஷ்ரீவ் என்ற அமெரிக்கர் விவரித்த புதர்த்தவளையின் பெயர் டிம்புல்லே. திம்புள்ளைப் பகுதித் தேயிலைத் தோட்டத்தில் கிடைத்தது. கோப்பியைத் தாண்டித் தேயிலைக் காலம் வரை எங்கோ ஓர் ஈரமூலையில் தாக்குப்பிடித்திருந்த இனம் அது. பிறகு அதை யாரும் கண்டதில்லை. தோட்டத்தின் பெயரில் மட்டும் வாழ்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இதைப் பற்றிக் கவலைப்பட்டவர் எவருமிலர். பராக்கிரம கீர்த்திசிங்கவின் 'சிலோனின் நிலநீர்வாழ்வன' 1957-இல் வெளிவந்து நெடுங்காலம் அத்துறையின் கைந்நூலாக விளங்கியது. தீவில் நாற்பது சொச்சம் தவளை, தேரை இனங்கள் உண்டு, அவ்வளவுதான் என்பதே பொதுக் கருத்து. 1990-களில் ரோஹன் பெத்தியாகொடவும் கெலும் மனமேந்திர ஆராச்சியும் வனவுயிர் மரபு அறக்கட்டளை என்ற அமைப்பின் வழியாகத் தீவெங்கும் இரவு இரவாகத் தவளைகளைத் தேடத் தொடங்கினார்கள். பின்னர் மதாவ மீகஸ்கும்புற மரபணு ஆய்வோடு அவர்களுடன் இணைந்தார். 2002-இல் 'சயன்ஸ்' இதழில் அவர்களும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய சிறு கட்டுரை துறையையே அதிரவைத்தது. மழைக்காட்டின் 95 விழுக்காட்டை இழந்து, எஞ்சிய சுமார் 750 சதுர கிலோமீட்டரில், யாரும் அறியாத தவளை இனங்கள் பெருந்தொகையாக வாழ்ந்துகொண்டிருந்தன. 2005-இல் ஒரே நூலில் 27 புதிய புதர்த்தவளைகள் பெயர் பெற்றன.

இதைப் படித்தபோது நமக்கு முதலில் மகிழ்ச்சியே தோன்றியது. பிறகுதான் கட்டுரையின் மறுபக்கம் உறைத்தது. ஆய்வாளர்கள் புதியனவற்றைக் கண்டார்கள். ஆனால் பழையவற்றைக் காணவில்லை. கெலார்ட்டும் குந்தரும் பெயரிட்ட இனங்களோடு கைக்குக் கிடைத்த தவளைகளை ஒப்பிட ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் குடுவைகளைத் திறந்து பார்த்தபோது, பல குடுவைகளுக்கு ஈடான உயிர்த்தவளை தீவில் எங்குமே இல்லை. 2007-இல் நிகழ்ந்தது இன்னும் விசித்திரம். அருங்காட்சியகத்தில் வேறு பெயரில் கிடந்த இரண்டு இனங்களைப் புதியவை என்று அறிந்து பெயரிட்டார்கள். ஒன்று 1858-க்கு முன் பிடிக்கப்பட்டது. மற்றது 1876-க்கு முன் இறம்பொடையில் கிடைத்தது. பெயரிடும் கட்டுரையிலேயே அழிந்துவிட்டது என்றும் எழுத வேண்டியிருந்தது. பிறப்புப் பதிவும் இறப்புப் பதிவும் ஒரே தாளில். இவ்விரண்டையும் சேர்த்து அழிந்தவற்றின் எண்ணிக்கை 21 ஆயிற்று.

வரலாற்றில் ஆவணமின்மையே ஆதாரமாகிவிடக் கூடாது என்று ஒரு விதி உண்டு. காணவில்லை என்பதால் இல்லை என்று ஆகிவிடுமா? இந்த ஐயத்தை எழுப்பியவர்களுக்குச் சிவனொளிபாதமலை ஓரளவு பதில் தந்தது. 2009-இல் மெண்டிஸ் விக்கிரமசிங்கவும் தோழர்களும் அம்மலைக் காட்டில் கண்டித் தேரையைக் கண்டெடுத்தார்கள். அது முன்பே அழிந்ததாக அறிவிக்கப்பட்டிருந்தது. (1998-இல் வேறு பெயரில் விவரிக்கப்பட்டிருந்த ஒரு தேரையும் கண்டித் தேரையும் ஒன்றேதான் எனப் பின்னர் தெளிவாயிற்று. ஆக, 'அழிந்த' தேரை மாற்றுப் பெயரில் நம் கண்முன்னேயே இருந்திருக்கிறது.) 2013-இல் குந்தரின் 1876-ஆம் ஆண்டுத் தவளையொன்றும், கெலார்ட்டின் விண்மீன் தவளையும் அதே மலைக்காட்டில் மீண்டும் கிடைத்த செய்தி வெளியாயிற்று. 160 ஆண்டுகள். கெலார்ட் அதைக் கண்டது நுவரெலியாவில். இப்போது கிடைத்தது அங்கல்ல. நுவரெலியாவில் இன்று தேயிலையும் மரக்கறித் தோட்டமும் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கின்றன.

மூன்று திரும்பிவந்தன என்றால், மற்றப் பதினெட்டும் திரும்பலாமே என்று கேட்கத் தோன்றும். நாம் அவ்வளவு நம்பிக்கை கொள்ளவில்லை. திரும்பிவந்த மூன்றும் கிடைத்தது பெருங்காடு எஞ்சியுள்ள ஒரே மலையில். இடுப்புச் சரிவுகளில் மட்டும் வாழ்ந்த இனங்களுக்குத் திரும்பிவர இடம் எதுவும் விட்டுவைக்கப்படவில்லை.

இந்தத் தவளைகளின் முன்னோர் இந்தியப் பெருநிலத்திலிருந்து ஏறத்தாழ இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தீவுக்குச் சென்றவை என்று மரபணு ஆய்வு சொல்கிறது. கடல்மட்டம் தாழ்ந்தபோது பாக் நீரிணை தரையாக இருந்த காலங்கள் உண்டு. சென்றவற்றில் ஒரு கிளை பிற்காலத்தில் மீண்டும் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. வயநாட்டின் பெயர் தாங்கிய தவளை அந்தக் கிளையைச் சேர்ந்தது. சென்று திரும்புதல் என்றதும் மலையகத் தமிழர்க்கு 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் நினைவுக்கு வரும். தாயகம் திரும்பியோர் என்ற முத்திரையோடு நீலகிரிச் சரிவுகளில் மீண்டும் தேயிலை பறிக்க வந்தவர்களும் நினைவுக்கு வருவார்கள். ஒப்புமையை இதற்குமேல் இழுக்க விரும்பவில்லை. தவளைகளுக்கு எவரும் குடியுரிமையைப் பறிக்கவில்லை.

நம் பக்கத்து மலைகளின் கதையும் பெரிதாக வேறுபட்டதன்று. ஆனைமலையில் வால்பாறைப் பீடபூமி தேயிலைக்காக வெட்டப்பட்டது. இடையிடையே தீவுத்திட்டுகளைப் போலச் சிறு காடுகள் எஞ்சியிருக்கின்றன. 1876-இல் குந்தர் விவரித்த பச்சைத் தவளையொன்று ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, 2011-இல் கண்டெடுக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அது களக்காடு முண்டந்துறைப் பகுதியில் ஈற்றை மூங்கிலின் கணுக்களுக்கிடையே உள்ள வெற்றிடத்தில், சிறு துளை வழியே நுழைந்து முட்டையிடுகிறது என்று பின்னர் அறிந்தார்கள். ஈற்றையை வெட்டினால் அதன் வீடு போயிற்று. அவ்வளவு குறுகிய வாழ்வு.

இந்தத் தேடலில் நம்மை உறுத்திய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சூழலியல் நூல்களைப் படித்தால் காட்டை அழித்தது 'தோட்டப் பயிர்ச்செய்கை' என்ற ஒரு சொல். அதில் மனிதர் இல்லை. தொழிலாளர் வரலாறுகளைப் படித்தால் காடு என்பது அட்டையும் குளிரும் நோயும் நிறைந்த ஓர் எதிரி. அதில் உயிர்கள் இல்லை. மலையகத் தமிழர் தம் உழைப்பால் நாட்டை வளப்படுத்தினார்கள் என்று நாம் பெருமையோடு எழுதிவந்திருக்கிறோம். காட்டை மலைத்தோட்டமாக்கினார்கள் என்பது அந்த உரிமைக்கோரிக்கையின் முதல் வாக்கியம். குடியுரிமை மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்த வாக்கியம் தேவையாகவும் இருந்தது. அதைத் திரும்பப் பெறச் சொல்ல நமக்கு எந்த அருகதையும் இல்லை. தீ மூட்டியவன் கையில் இருந்தது கூலிக்கான தீப்பந்தம். ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு வாங்கியவனின் தீர்மானம்தான் அதில் எரிந்தது. ஆயினும் அந்தத் தீயில் எரிந்தவற்றின் பெயர்களை இனிமேலாவது அதே வரலாற்றின் இன்னொரு பக்கத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது. இன்று லயன் அறைகளுக்குப் பின்னால் ஓடையோரம் எஞ்சியிருக்கும் மரத்திட்டுகளில் மழையிரவுகளில் தவளைகள் கத்துவதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் அதை எழுதப் பொருத்தமானவர்கள்.

களஆய்வில் புதர்த்தவளைகளை முதலில் காட்டிக்கொடுப்பது அவற்றின் குரல். இருளில் நின்று கேட்டு, ஒலிப்பதிவுக் கருவியில் பதிந்து, ஒரு 'டிக்'குக்கும் இன்னொரு 'டிக்'குக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டே இனத்தைப் பிரிக்கிறார்கள். குடுவைகளில் உள்ளவற்றின் நீளம், கால்விரல் சவ்வு, மண்டையோட்டின் வடிவம் எல்லாம் அளந்து எழுதப்பட்டுவிட்டன. அவை பிடிக்கப்பட்டபோது ஒலியைப் பதியும் கருவி இன்னும் பிறக்கவில்லை. இறம்பொடையில் 1876-க்கு முன் பிடிபட்ட அந்தத் தவளை மழைக்கு எப்படிக் கத்தியது என்று கேட்டவர்கள், அந்தச் சரிவில் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தவர்கள்தாம்.